இரண்டு காலும் ஒரே நாருக்குள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

நான் 34 வருடம் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிரசங்கம் செய்து பழக்கமில்லை. முழு மனதோடு ஆண்டவரைப் பற்றிக்கொள்வதில் வரும் பெலனையும் சமாதானத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலியிலிருந்து அழைப்பு வந்ததும், என் மனைவி சிரித்துவிட்டாள். "நீங்களா?" என்றாள். அவள் சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

வாத்தியார் புத்தி முதலில் சொல்லைத்தான் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் சமாதானம் என்றால், சண்டை போட்ட இரண்டு வீட்டார் உட்கார்ந்து பேசி முடிப்பது. "சமாதானம் பேசியாச்சா?" என்று கேட்போம். நிம்மதி வேறு சங்கதி. வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில், கொஞ்சம் வேப்பங்காற்று, கடன்காரன் வராத ஒரு சாயங்காலம் இருந்தால் நிம்மதி வந்துவிடும். அடுத்த நாள் கடன்காரன் வந்ததும் போய்விடும். வேதாகமத்தில் 'சமாதானம்' என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் எபிரெயத்தில் இருக்கும் சொல் 'ஷாலோம்'. குறைவில்லாமல் முழுதாக இருப்பது என்பது அதன் வேர்ப்பொருள். நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழியில் 'சமாதானம்' என்றால் ஒன்றாகச் சேர்த்து வைப்பது, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. அப்படியானால் சமாதானம் இல்லாதவன் யார்? கஷ்டம் இருக்கிறவன் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். மனசு நாலு பக்கம் சிதறிக் கிடக்கிறவன் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு முதலில் இதைச் சொல்லிக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா. சாத்தான்குளத்துப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்துச் சின்ன ஊர் எங்களுடையது. 1986இல் மாவட்டத்தைப் பிரித்ததில் தூத்துக்குடிக்குப் போய்விட்டோம். எங்கள் பெரியவர்கள் வாயில் கடைசிவரை அது திருநெல்வேலிச் சீமைதான். அப்பா பனையேறி. பருவம் வந்துவிட்டால் தினம் நாற்பது மரம், காலையும் மாலையுமாக இரண்டு தரம். பள்ளிக்கூடம் போகுமுன் பதநீர்க் குடத்தை, அதைக் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குச் சுமந்து கொடுப்பது என் வேலை. அங்கே புகைக்குள் அம்மா இருப்பாள். பதநீர் காய்ந்து பாகாகி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக இறுகும்வரை அவள் கண்கள் சிவந்தேதான் இருக்கும்.

அப்பா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, மரத்தைத் தொட்டு, "இயேசுவே" என்று ஒரு தரம் சொல்வார். அவ்வளவுதான் ஜெபம். பிறகு இரண்டு பாதத்தையும் தளைநாருக்குள் நுழைத்துக்கொண்டு ஏறுவார். ஒரு கோடை விடுமுறையில், "எனக்கும் ஏறக் கத்துக்குடுங்கப்பா" என்று நச்சரித்தேன். குட்டைப் பனை ஒன்றில் ஏறவிட்டார். நான் அவசரத்தில் ஒரு காலைச் சரியாக நாருக்குள் வைக்காமல் ஏறி, ஆளுயரம் போவதற்குள் சறுக்கி, நெஞ்செல்லாம் சிராய்த்துக்கொண்டேன். அப்பா சிரட்டையில் தேங்காயெண்ணெய் எடுத்துவந்து தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு காலும் ஒரே நாருக்குள்ள இருக்கணும்லே. ஒரு கால உள்ள வச்சி, ஒரு கால வெளிய வச்சா மரம் ஏத்துக்கிடாது. மரத்துல இருக்கப்போ மரத்த மட்டும் நெனை. கடனெல்லாம் கீழதான கெடக்கு, எங்க போயிரப் போவுது?"

கடன் இருந்தது. நிறையவே இருந்தது. இருந்தும், வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவர்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. எங்கள் பக்கத்தில் பனையிலிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. அவர்களும் ஜெபித்துவிட்டு ஏறியவர்கள்தான். பக்தியாக இருந்தால் ஒன்றும் வராது என்று மேடையில் யாராவது முழங்கினால், எனக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முதலூர் இருக்கிறது. இன்றைக்கு முதலூர் என்றதும் எல்லோருக்கும் தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வாதான் நாக்கில் வரும். 1799இல் அது உருவான கதை அவ்வளவு இனிப்பானது இல்லை. விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக நிலம் வாங்கி அமைத்த குடியிருப்பு அது. இந்தச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று உண்டான முதல் ஊர் என்பதால் முதலூர். வீட்டையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்கு அரை மனதாக இருக்க வசதியே கிடையாது. நமக்குத்தான் அந்த வசதி வாய்த்திருக்கிறது.

எனக்கு ரொம்பவே வாய்த்திருந்தது. இப்போது என் மனைவி சிரித்த கதைக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்றதும் என்னைச் சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் கமிட்டிக்குள் இழுத்தார்கள். 'இழுத்தார்கள்' என்பது நானே சொல்லிக்கொள்வது, ஆசைப்பட்டுத்தான் போனேன். சபைத் தேர்தல் என்றால் எங்கள் ஊர்களில் எப்படி என்று நேயர்களில் பலருக்குத் தெரியும். இந்த அணி, அந்த அணி, ராத்திரி ரகசியக் கூட்டம், காலையில் ஸ்தோத்திரம். வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். பாமாலைப் பாட்டை வாய் பாடும். கண் தலைகளை எண்ணும். திருவிருந்துக்கு முழங்காலிட்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார் என்று ஓரக்கண்ணால் பார்த்தவன் நான். கோவிலுக்கு ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஜெபமும் நிற்கவில்லை. ராத்திரித் தூக்கம்தான் நின்றுபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதுபட்டது. பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கக் கண்ணை மூடுகிறேன், ஓட்டுக் கணக்கு ஓடுகிறது. திறந்து, மறுபடி மூடுகிறேன். மறுபடியும் அதே கணக்கு. உள்ளே அவள் மூச்சு வாங்கிக் கிடக்கிறாள், வெளியே நான் பதினேழா பதினெட்டா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. அந்த நேரத்தில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

அவளுடைய பழைய வேதாகமத்தை எடுத்துப் புரட்டினேன். 86ஆம் சங்கீதத்தில் அவள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்." எத்தனையோ தரம் வாசித்த வரிதான். அன்றைக்கு இலக்கணம் கண்ணில் பட்டது. 'ஒருமுகப்படுத்துவேன்' என்று தாவீது சொல்லவில்லை. 'ஒருமுகப்படுத்திவிட்டேன், பாரும்' என்றும் சொல்லவில்லை. 'ஒருமுகப்படுத்தும்' என்கிறான். மன்றாட்டு. என்னால் ஆகவில்லை, நீர் செய்யும் என்கிற ஆள் அவன். முழு மனதை நானே உண்டாக்கி, தட்டில் வைத்து ஆண்டவர் முன் கொண்டுபோக வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். சிதறிக் கிடப்பதை அப்படியே அள்ளிக்கொண்டு போய், "இதைச் சேர்த்துக் கொடும்" என்று கேட்கலாம் போலிருக்கிறதே! அன்றைக்கு அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். தரிசனம் எதுவும் வரவில்லை. விடியற்காலையில் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம் அது.

பிறகு பதவியைத் தியாகம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தேர்தலில் தோற்கடித்துவிட்டார்கள். சில வேலைகளை ஆண்டவர் நம்மிடம் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

பெலன் என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் களக்காட்டுப் பக்கம் மலையடியில் இருக்கும் டோனாவூர் எனக்கு நினைவுக்கு வரும். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். 1901 முதல் டோனாவூரில் இருந்து, இந்துக் கோவில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளை எடுத்து வளர்த்தார். ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. இது எல்லோரும் சொல்கிற பாதி. 1931இல் அவர் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951இல் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தம் அறைக்குள்தான். எத்தனை பேர் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! பழையபடி நடமாட்டம் வரவில்லை, வலியும் விடவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதினார், பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்று பவுலுக்குச் சொல்லப்பட்டதும், முள்ளாய்க் குத்திய அவருடைய வேதனையை எடுக்காமல் சொல்லப்பட்டதுதான். அம்மையாரின் கல்லறைமேல் கல் வைக்கவில்லை. அவர் அதை விரும்பவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் இருக்கிறது. அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். நாங்கள் போயிருந்த அன்று பிள்ளைகளிடம், சத்தம் போடாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டியே வரவில்லை.

பெரிய ஆட்களின் கதையைச் சொன்னால், அதெல்லாம் அவர்களுக்கு என்று நாம் நழுவிவிடுவோம். அதனால் எங்கள் வீட்டு அடுப்படிக்கே வருகிறேன். எங்கள் சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. சேர்ந்ததைக் கோவிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்ற அசரியா, இந்தப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தெலுங்கு நாட்டுக்குப் போய், தெலுங்கு கற்று, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பெரிய காணிக்கை கொடுக்க முடியாத வீட்டுப் பெண்களின் கைக்கும் இப்படிப்பட்ட ஊழியங்களில் பங்கு கிடைத்தது அந்தக் கலயத்தினால்தான். என் அம்மா, அரிசி இல்லாமல் கஞ்சிக்குக் கேழ்வரகு போட்ட நாளிலும் ஒரு பிடி கேழ்வரகை எடுத்து வைப்பாள். "நமக்கே பத்தலயேம்மா" என்றால், "எடுத்து வச்சப்புறம் மிச்சம் இருக்கதுதாம்யா நம்மளது" என்பாள். அந்தக் கணக்கு எனக்கு அறுபது வயதுக்குமேல்தான் விளங்கியது.

இப்போது வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், என் மனைவிக்கு டயாலிசிஸ். காலை ஐந்து மணிப் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போகிறோம். நாலு மணி நேரம் இயந்திரம் ஓடும். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நோய் போகவில்லை. செலவுக்கு ஒவ்வொரு மாதமும் இழுபறிதான். சில நாள் மனசு மறுபடி சிதறும், அந்த ஒரு வரியைத் தேடிப் போவேன். சில நாள் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "எங்க போயிட்டீங்க? இங்க வாங்க" என்பாள்.

அந்த நாட்களில் வீட்டில் சமையல் என்னுடையது. கைப்பிடி அரிசி எடுப்பதும் நான்தான். கட்டிலில் படுத்தபடியே கலயத்தில் அரிசி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஏங்க, இதுவா கைப்பிடி? இன்னும் கொஞ்சம் போடுங்க" என்பாள். போடுவேன்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.