ஓ-யூ-ஜி-ஹெச் வரும் ஆங்கில வார்த்தைகளை எப்படிப் பிடிப்பது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: “ஓ, யூ, ஜி, ஹெச், இந்த நாலு எழுத்தும் சேர்ந்து வர்ற வார்த்தைங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி சத்தம் கொடுக்குது. எழுதும்போதும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திடுறேன். இதுக்கு ரூல் ஏதாவது இருக்கா?”

எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ரூல் கிடையாதுங்க. ஆனா பரீட்சையில அடிக்கடி வர்ற கூட்டத்துக்கு ஒண்ணு இருக்கு. அந்த நாலு எழுத்துக்குப் பின்னாலயே டி வந்துச்சுன்னா, சத்தம் ‘ஆட்’. பை – பாட், வாங்கினது. ப்ரிங் – ப்ராட், கொண்டு வந்தது. திங்க் – தாட், நினைச்சது. ஃபைட் – ஃபாட், சண்டை போட்டது. சீக் – சாட், தேடினது. எல்லாமே இறந்தகாலம்.

இதுல பாட், ப்ராட் ரெண்டையும் குழப்பிக்காத பிள்ளைங்களே குறைவு. மூல வார்த்தையைப் பாருங்க. ப்ரிங்ல ஆர் இருக்கு, அதனால ப்ராட்லயும் ஆர் இருக்கு. பைல ஆர் இல்லை, பாட்லயும் இல்லை. கும்பகோணத்துல விதைநெல் வாங்கினேன்னா பாட். அதை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்னா ப்ராட்.

அடுத்த குழப்பம், காட், டாட். பிடிச்சது, கத்துக்கொடுத்தது. சத்தம் அதே ‘ஆட்’தான், ஆனா இதுல ஓ வராது, ஏ வரும். காரணம் தேட வேண்டாம், கேட்ச், டீச் ரெண்டு ஸ்பெல்லிங்லயும் ஏ இருக்கு பாருங்க. பை, ப்ரிங், திங்க், ஃபைட், சீக், இந்த அஞ்சுலயும் ஏ கிடையாது. இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா காட்டுக்கு ஓ போட்டு மார்க்கை விட மாட்டீங்க.

டி வந்தும் அடங்காத ஒரு வார்த்தை இருக்கு: ட்ரவுட், வறட்சி. இதை ‘ட்ராட்’னு வாசிக்கிறவங்க நிறைய பேர். மேட்டூர்ல தண்ணி இல்லாம ஜூன் 12-ல அணை திறக்க முடியாத வருஷத்துல, டெல்டாவைப் பத்தின ஆங்கிலச் செய்தியில இந்த வார்த்தையைப் பார்க்கலாம். இதுலயே ஓ-வை எடுத்துட்டு ஏ போட்டா அது வேற வார்த்தை, ட்ராஃப்ட். இடுக்கு வழியா உள்ள வர்ற காத்துக்கும் அதுதான் பேரு, கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்கி நிக்குதுங்கிறதுக்கும் அதுதான். துறைமுகச் செய்தி வாசிச்சா இந்த ரெண்டாவது அர்த்தம்.

ஏன் இப்படி ஆச்சு? அந்த ஜி-ஹெச், பழைய ஆங்கிலத்துல தொண்டையை உரசிக்கிட்டு வர்ற ஒரு நிஜமான சத்தம். ஜெர்மன்ல அது இன்னும் இருக்கு: ராத்திரிக்கு நாஹ்ட், மகளுக்கு டோஹ்டர். ஆங்கிலத்துல நைட், டாட்டர் ரெண்டுலயும் அதே இடத்துல ஜி-ஹெச் எழுத்து மட்டும் நிக்குது. காலப்போக்குல அந்தச் சத்தம் சில வார்த்தையில அப்படியே காணாமப் போச்சு, சில வார்த்தையில ‘ஃப்’னு திரிஞ்சுது. இங்கிலாந்துல முதல் அச்சகத்தை 1476-ல லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல காக்ஸ்டன்ங்கிறவர் வச்சார். அச்சு பரவப் பரவ எழுத்து ஒரு நிலைக்கு வந்துடுச்சு, ஆனா பேச்சு நிக்கலை. அதனாலதான் எழுத்தைப் பார்த்துச் சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியறதில்லை.

‘ஃப்’ ஆனவங்க: ரஃப், சொரசொரப்பு. டஃப், கெட்டியானது, கஷ்டமானது. இனஃப், போதும். காஃப், இருமல். அப்புறம் ட்ராஃப். மாட்டுக்குத் தண்ணி காட்டுற நீளத் தொட்டி அது. வடகிழக்குப் பருவமழை சமயத்துல வானிலை அறிக்கையிலயும் வரும். காத்தழுத்தம் குறைஞ்சு நீளவாக்குல கிடக்கிற பகுதின்னு அர்த்தம். அதை ‘த்ரூ’னு வாசிச்சா வாக்கியமே புரியாது.

சத்தமே இல்லாம போனவங்க: ப்ளவ், ஏர், கலப்பை. பவ், பெரிய கிளை. டோ, பிசைஞ்ச மாவு. ரெண்டு கூட்டத்துலயும் சேர்ற ஒண்ணு இருக்கு: ஸ்லஃப், பாம்பு கழட்டிப் போடுற சட்டை. அதே ஸ்பெல்லிங்கை ஸ்லவ்னு வாசிச்சா சேறும் சதுப்புமான நிலம். இது பன்னிரண்டாவதுக்குத் தேவைப்படாது, விட்டுடுங்க.

இப்ப தம்பிக்கு உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கிற மூணு. தோ, ஆனாலும். த்ரூ, வழியா. தரா, முழுமையான; அமெரிக்காவுல ‘தரோ’ன்னு சொல்வாங்க. டி-ஹெச்சுக்குப் பின்னால நேரா ஓ-யூ வந்தா தோ. டி-ஹெச்சை ஒட்டி ஆர் வந்தா த்ரூ. ஆருக்கு ரெண்டு பக்கமும் ஓ இருந்தா தரா. “தஞ்சாவூர் வழியா போனான்”னு எழுதுறப்ப ஒரு ஓ கூடிப் போச்சுன்னா ஃபோன்ல இருக்கிற ஸ்பெல் செக் பல சமயம் சிவப்புக் கோடு போடாது, ஏன்னா அதுவும் சரியான ஒரு வார்த்தைதான். அதனால நீங்கதான் பார்த்துக்கணும்.

உச்சரிப்புலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. தோ-வுல வர்ற த, ‘அது’ல வர்ற மெல்லிசான த. தாட், த்ரூ, தரா மூணுலயும் நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில வச்சு காத்தை மட்டும் விடணும்.

படிக்கிறப்ப ஸ்பெல்லிங் வரிசையில எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க. சத்தத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க: ஆட், அஃப், ஆஃப், ஓ, ஊ, அவ், தரா-வுக்குத் தனியா ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். வார்த்தைக்கு ஒரு வாக்கியம் எழுதி, வாய்விட்டு வாசிங்க. ரெண்டு நாள் கழிச்சு வீட்டுல யாரையாவது வாக்கியமா சொல்லச் சொல்லி எழுதுங்க. தனி வார்த்தையா சொன்னா சத்தம் மட்டும்தான் காதுல விழும், அர்த்தம் பழகாது.

கடைசியா ஒண்ணு. ப்ளவ்வை அமெரிக்காவுல ஓ-டபிள்யூ போட்டு முடிப்பாங்க, அது தப்பில்லை. ஆனா நம்ம பாடப்புத்தகத்துல இருக்கிறது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங், விடைத்தாள்ல ரெண்டையும் கலக்காதீங்க. த்ரூவை வாட்ஸ்அப்ல எழுதுற மாதிரி நாலு எழுத்துல சுருக்கி விடைத்தாள்ல எழுதவே கூடாது.