"நீங்கள் சும்மா இருங்கள்"

நேயர்களுக்கு வணக்கம்.

அகதிகளாக வந்தவர்களுக்கு மருத்துவமனையில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலையைச் சில வருடம் பார்த்தேன். ஒருநாள் 70 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார், கூடவே 10 வயதுப் பேத்தி. "நீங்கள் எதற்கு? இவளே சொல்லிவிடுவாள்" என்றார் பெருமையாக. டாக்டர் கேட்கக் கேட்க, பேத்தி அதை அவரிடம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் "ஒன்றுமில்லை" என்றார் தாத்தா. அவள் தண்ணீர் குடிக்க வெளியே போனதும் என் பக்கம் சாய்ந்து, சிறுநீரில் ரத்தம் போவதாகச் சொன்னார். பேத்தியிடம் அதை எப்படிச் சொல்வார்?

அன்றிலிருந்து இதில் எனக்குப் பிடிவாதம். பள்ளிக்கூடக் கடிதத்தைப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும்; மருத்துவரிடம் வேண்டாம். பல நாடுகளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், தொலைபேசியிலாவது.

1951இல் அகதிகள் உடன்படிக்கையை ஏற்ற மாநாடு, குடும்பம் பிரியாமல் பாதுகாக்கும்படி அரசுகளுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் பல நாட்டுச் சட்டங்களில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள், அவ்வளவுதான். பெற்றோரை அழைக்க வழியிருந்தாலும், அவர்கள் நம்மை நம்பியே வாழ்பவர்கள் என்று பெரும்பாலும் நிரூபிக்க வேண்டும். சரி, விசாவுக்காகப் படிவத்தில் அப்படி எழுதிக் கொடுக்கிறோம். வந்து சேர்ந்த பிறகும் வீட்டில் அவர்களை அந்தப் படிவத்தின்படியேதான் நடத்துகிறோம்.

"நீங்கள் சும்மா இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஊரில் நாலு பேருக்கு வழி சொன்ன மனிதர், இங்கே தன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்க மகன் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்கிறார். வீட்டுச் சாவிகூட அவர் கையில் இல்லை. தொலைந்துபோவார் என்ற பயம்.

மொழி வகுப்பு? அனுப்பலாம். ஆனால் பல வகுப்புகள் வேலை தேடும் இளைஞர்களை மனதில் வைத்தே நடக்கின்றன. காது மந்தமானவர் பின்வரிசையில் உட்கார்ந்து என்ன செய்வார்? என்னைக் கேட்டால், முதலில் ஒரு பேருந்து வழி தெரிந்தால் போதும்.

அதே பெரியவரோடு மூன்று முறை பேருந்தில் போனேன். நான்காவது முறை அவர் தனியாக முன்னால் ஏறினார். நான் பின்னால் ஏறி, தெரியாதவன் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். ஒரு நிறுத்தம் முன்பே மணியை அழுத்திவிட்டார். இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம், சரியான திசையில் நடக்கத் தொடங்கினார்.