ஊர் மாறாமல் மாரடைப்பு குறையாது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் என் வணக்கம். இதயநோயைக் குறைப்பதில் விஞ்சி நிற்பது தனிமனிதருக்கான சிகிச்சையா, சமூகம் தழுவிய தடுப்புத் திட்டமா என்ற கேள்விக்கு, சமூகத் திட்டமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வைத்த வலுவான சான்றிலிருந்தே தொடங்குகிறேன். 1980களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் பாட்டக்கெட்டிலும் பெரும் முயற்சியோடு நடந்த இதயநலத் திட்டங்கள், ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஊர்களைவிடப் பெரிய முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த ஒப்பீட்டு ஊர்களிலும் அதே ஆண்டுகளில் புகைப்பழக்கமும் இரத்தக் கொழுப்பும் குறைந்துகொண்டிருந்தன என்பதை அவர் சொல்லவில்லை. நாடு முழுவதும் விழிப்புணர்வு பரவிய காலத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே வேலி போட முடியாது. மேலும், அந்தத் திட்டங்கள் பெரிதும் அறிவுரையையே நம்பியிருந்தன. அறிவுரை மட்டும் போதாது என்பதற்குத்தான் அவை சான்று. சமூகத் திட்டமே பயனற்றது என்பதற்கு அல்ல.

அறிவுரையைத் தாண்டிச் சென்ற திட்டம் எப்படியிருக்கும்? பின்லாந்தின் வட கரேலியாவைப் பாருங்கள். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் மடிவதைக் கண்டு, அம்மாகாண மக்களே 1971இல் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் பணி தொடங்கியது. அந்தக் குழு துண்டறிக்கையோடு நின்றுவிடவில்லை. இல்லத்தரசிகளின் சங்கத்தோடு சேர்ந்து சமையல் முறையை மாற்றியது. உணவு உற்பத்தியாளர்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொன்னது. பாற்பண்ணையை நம்பி வாழ்ந்த உழவர்களுக்குப் பெர்ரி சாகுபடியை மாற்று வழியாகக் காட்டியது. பிழைப்புக்கு வழி சொல்லாமல் வெண்ணெயைக் குறை என்று அவர்களிடம் சொல்வது நியாயமாகவும் இருந்திருக்காது. நாற்பது ஆண்டுகளுக்குள் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரண விகிதம் 80 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. பின்லாந்தின் பிற பகுதிகளிலும் சரிந்ததே என்று எதிரணி கேட்கும். 1977க்குப் பின் அதே வழிமுறைகள் நாடெங்கும் எடுத்துச் செல்லப்பட்டன என்பதே என் பதில்.

சிகிச்சையை நான் குறைத்துப் பேசவில்லை. அமெரிக்காவில் 1980 முதல் 2000 வரை இதயநோய் மரணம் குறைந்ததை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய பாதிக்குச் சிகிச்சையையும், 44 சதவீதத்துக்குக் கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்ற ஆபத்துக் காரணிகளில் ஏற்பட்ட மாற்றத்தையும் காரணமாகக் கணித்தார்கள். இரண்டும் ஏறத்தாழ சமமாகத் தெரியலாம். ஆனால் சிகிச்சை, நோய் வந்த பிறகும் ஆபத்து கண்டறியப்பட்ட பிறகும்தான் ஒருவரைத் தேடி வருகிறது; மாரடைப்பின் முதல் அறிகுறியே திடீர் மரணமாக அமைந்துவிடும் பலருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவ அறிஞர் 1985இல் இன்னொன்றையும் தெளிவுபடுத்தினார்: மிக அதிக ஆபத்துள்ள சிலரைவிட, நடுத்தர ஆபத்துள்ள பெருந்திரளிடமிருந்தே அதிக நோயாளிகள் உருவாகிறார்கள். அந்தப் பெருந்திரளை மருத்துவரின் அறைக்குள் ஒவ்வொருவராக அழைத்து முடிக்க இயலாது.

இறுதியாக ஸ்காட்லாந்து. 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்களில் அங்கே புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டது. தடைக்கு முந்தைய பத்து மாதங்களையும் பிந்தைய பத்து மாதங்களையும் ஒப்பிட்டபோது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஒன்பது மருத்துவமனைகளில் கடும் இதயப் பாதிப்போடு சேர்ந்தவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள்; அப்போது தடை வராத இங்கிலாந்தில் அந்தக் குறைவு 4 சதவீதம் மட்டுமே. ஸ்காட்லாந்தில் புகையே பிடித்தறியாதவர்களிடம் அந்தக் குறைவு 21 சதவீதம். பிறர் விட்ட புகையைச் சுவாசித்ததைத் தவிர வேறெதுவும் செய்யாத அந்த மனிதர்களுக்கு, எந்த மருத்துவர் எந்த மருந்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க முடியும் என்பதை எதிரணியினர் இந்த மேடையில் சொல்லட்டும்.