திருகோணமலையில் முதலில் சந்தைக்குப் போங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலைக்கு ஒரு நாள் பயணம் என்றால் பெரும்பாலானோர் போடும் திட்டம் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நேரம் மிஞ்சினால் நிலாவெளிக் கடற்கரை. மாலையில் பஸ் ஏறிவிடுவார்கள். அவை பார்க்கவேண்டிய இடங்கள்தான். ஆனால் நகரச் சந்தையை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறார்களே என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. இந்த மாவட்டத்தின் கடலும் குளமும் ஆறும் ஒன்றாக வந்து சேரும் இடம் அது. பயணத்தின் முதல் வேலையாகச் சந்தையை வையுங்கள் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வருகிறவர்களுக்குச் சிரமமில்லை, காலையிலேயே இறங்கிவிடலாம். மட்டக்களப்பு, வவுனியாப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். வெயில் ஏறினால் மீன் கெடும், நல்ல மீன் அதற்கு முன்பே விற்றுப்போய்விடும்.

மீன் பகுதியில் நின்று ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் ஆளுயரக் கெலவல்லா என்ற பெரிய சூரை இன மீனைப் பெரிய கத்தியால் துண்டு போடுகிறார்கள். பக்கத்துப் பலகையில் சூரை, அறக்குளா, பாரை. அதற்கு அடுத்தது பார் என்கிற கடலடிப் பாறைகளுக்கு நடுவில் வளரும் விளைமீனும் ஓராவும். தரையில் சாக்கு விரித்துக் கூறு கூறாகச் சூடை, நெத்தலி. ஆழ்கடல் மீனும் கரைவலை மீனும் இப்படி அருகருகே கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலுக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதும் அதனால்தான். கொட்பே துறைமுகத்தில் பல நாள் படகுகள் பெரிய மீனை இறக்கும். சின்னப் படகுகளும் கரைவலைகளும் மற்றதைக் கொண்டுவரும்.

வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், நல்ல சிவப்பாக இருக்கவேண்டும். கண் உள்ளே போயிருக்கக்கூடாது. விரலால் அமுக்கினால் சதை மீண்டும் எழும்பவேண்டும். நேர்மையான வியாபாரி இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார், தானே தூக்கிக் காட்டுவார்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதும் முக்கியம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை எங்கள் கடல் அமைதியாக இருக்கும். அதே காலத்தில் மேற்குக் கரையில் கடல் குமுறும். அதனால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி என்கிற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்யும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மாரியில் நிலைமை தலைகீழ். படகு இறங்காது, விலை ஏறும். அப்போது குளத்து விராலும் திலாப்பியாவும்தான் கைகொடுக்கும். எனக்கு அந்த நாட்களின் சந்தையும் பிடிக்கும். கடல் கைவிட்டால் குளம் சோறு போடும் ஊர் இது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

மரக்கறிப் பகுதியில் தம்புள்ளையிலிருந்து லொறியில் வரும் கரட்டும் கோவாவும் எந்த ஊரிலும் கிடைக்கும். அதைத் தாண்டிப் போங்கள். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களின் அரிசியைக் கேளுங்கள். அப்புறம், தயிர். இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அந்த ஆற்றுமுகப் புல்வெளிகளில் மேயும் எருமைகளின் பால்தான் மூதூர், கிண்ணியாத் தயிராகிறது. மண் சட்டி தண்ணீரை மெல்ல உறிஞ்சி வெளியே கசியவிடுவதால் தயிர் இறுகி, கரண்டியால் வெட்டி எடுக்கும் பதத்துக்கு வரும். பிளாஸ்டிக் கோப்பையில் அந்தப் பதம் வராது. சட்டித் தயிராகவே கேட்டு வாங்குங்கள்.

முன்பு கிண்ணியாவிலிருந்து ஒரு சாமான் வரவேண்டுமென்றால் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் கடலைக் கடக்கவேண்டும். பாதை ஓடாவிட்டால் தயிரும் இல்லை. 2009ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகுதான் விடிகாலையில் கறந்ததும் பறித்ததும் வெயிலுக்கு முன் நகரத்துக்கு வந்து சேர்கின்றன. பாலத்தைப் படம் பிடிக்கிற நாம், அது சுமந்து வந்த சாமானையும் ஒருமுறை பார்க்கத்தானே வேண்டும்!

இந்த ஊர் எத்தனையோ கசப்பான ஆண்டுகளைக் கண்டது. ஒருவர் தெருவுக்கு மற்றவர் போகப் பயந்த காலமும் இருந்தது. இன்று அதே ஊரில் முஸ்லிம் வியாபாரியை "நானா" என்று கூப்பிட்டுத் தமிழ்ப் பெண் பேரம் பேசுகிறார். சிங்களத்தில் "தோரா" என்று கேட்கிறவருக்கு அறக்குளாவைக் கையில் எடுத்துக் காட்டுகிறார் அதே நானா. மேடை போட்டுப் பேசும் ஒற்றுமையைவிட இந்தப் பேரத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

சந்தை முடிந்ததும் கோயிலுக்குப் போங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கட்டிய கோட்டைக்குள்ளால்தான் பாதை போகிறது. அங்கே புள்ளிமான்கள் மரநிழலில் படுத்திருக்கும். நகரத்துக்குள்ளும் அவை தாராளமாக உலாவும். கழித்துப் போட்ட கீரைத்தண்டும் கோவா இலையும் தேடிச் சந்தைப் பக்கமும் வரும். அந்தக் கழிவு பொலித்தீன் பைக்குள் இருந்தால் மான் பையையும் சேர்த்தே விழுங்கிவிடும். அசைபோடும் பிராணியின் வயிற்றில் அது செரிக்காது, வெளியேறாது, தீனிக்கு இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும். இப்படிச் செத்துப்போன மான்கள் எங்கள் ஊரில் உண்டு.

ஆகையால் வரும்போது வீட்டிலிருந்தே துணிப்பையோ பனையோலைப் பையோ கொண்டுவாருங்கள். மீனுக்கு மூடி உள்ள பாத்திரம் ஒன்று போதும், கொஞ்சம் ஐஸ் கேட்டு அதற்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். தூரப் பயணம் என்றால் கருவாடு வாங்குங்கள், பழைய பேப்பரில் சுற்றித் தரச் சொல்லுங்கள். "பை வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் கடைக்காரர் கோபிக்கமாட்டார், அவருக்கும் ஒரு பை மிச்சம்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.