மூர்த்தி சிறிசுங்க (வாயனசாலை, அதாவது ஊர் நூலகத்தோட ஆண்டுவிழாவுல பேசினது)

விழாத்தலைவர் ஐயாவுக்கும், இத்தனை வேலைக்கு நடுவுல வந்திருக்கற கிருஷிபவன் வேளாண் ஆபீஸ் மேடத்துக்கும், அஞ்சாம் கிளாஸ்ல எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்துத் தோத்துப்போன வாத்தியார் ஐயாவுக்கும், செக்ரட்டரிக்கும், கமிட்டிக்காரங்களுக்கும், மைக்செட் தம்பிக்கும், கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து வந்திருக்கற பெரியவங்க தாய்மாருங்க எல்லாத்துக்கும் வணக்கமுங்க. போன வருசம் வார்டு மெம்பர் பேரை விட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதனால மெம்பருக்கு மட்டும் ரெண்டு வணக்கம்.

தோட்டத்துப் பூச்சியைக் கிட்டக்க போய் போட்டோ எடுக்கறதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. மூணு விசயமுங்க: லென்சு, வெளிச்சம், பொறுமை.

லென்சுக்கு லட்சம் ரூவா வேண்டாம். பழைய ஃபிலிம் கேமராவோட 50 எம்எம் லென்சைத் தலைகீழாத் திருப்பி ரிவர்ஸ் ரிங் போட்டு டிஜிட்டல் கேமராவுல மாட்டினா போதும், பூச்சி கிட்டத்தட்ட உள்ள அளவுலயே சென்சார்ல விழும். ஆனா ஃபோகஸ் நூலிழைக்குத்தான் நிக்கும், கண்ணு தெளிஞ்சா மீசை மங்கிரும், மூச்சைப் புடிச்சுட்டு ஒடம்பையே முன்னயும் பின்னயும் அசைக்கோணும். எங்க அப்பச்சி அடிக்கடி சொல்லும், மூர்த்தி சிறிசு, கீர்த்தி பெரிசுன்னு.

இப்படித்தான் ஒருநாள் விடியக்காலம் வீட்டுக் குட்டைத் தென்னைக்கு அடியில மல்லாக்கப் படுத்துட்டேன். ஓலைக்கு அடிப்பக்கம் படம் எடுக்கோணும்னா வேற வழி இல்லீங்க, லுங்கி ஒருபக்கம், நான் ஒருபக்கம், மூச்சு வேற விடறதில்ல. பக்கத்துத் தோப்புல கள்ளு எறக்கற சேட்டன் மரத்து மேலேர்ந்து பாத்திருக்காரு. பாத்தவரு பாளை சீவறதை விட்டுட்டு "சேச்சீ, சேட்டன் வீணு கெடக்குந்நு!"ன்னு, அதாவது அண்ணன் விழுந்து கெடக்கறாருன்னு, ஒரே கத்து. எங்க வீட்டம்மா சொம்புல தண்ணியோட ஓடிவந்து, கேமராவைக் கூடப் பாக்காம மூஞ்சில ஊத்திட்டா. சேட்டன் எறங்கி வந்து என் வாய்கிட்ட மூக்கை வெச்சு மோந்து பாத்துட்டு, "கள்ளு இல்ல"ன்னு சர்டிபிகேட் குடுத்தாரு பாருங்க, அதுக்குள்ள பத்துப்பேர் கூடிட்டாங்க.

கேமராவைத் தொடச்சு ஸ்கிரீன்ல காட்டினேன். வெள்ளைவெள்ளையா மெழுகுச் சுருளு, நடுவுல செதில் மாதிரி ஒட்டிக் கெடக்குற குஞ்சு, அது முதுகுல ஊசியில குத்தினாப்ல ஒரு வட்ட ஓட்டை. சுருள் வெள்ளை ஈங்க, ஓலைச் சாறை உறிஞ்சற பூச்சி. நம்ம நாட்டுல மொதல்ல 2016-ல பொள்ளாச்சியில தென்னையில கண்டுபிடிச்சாங்க, நம்ம பாலக்காட்டுக்கு வர எவ்வளவு நேரம்? ஓலை மேல கரும்பூசணம் புடிச்சதும் ஆளாளுக்கு மருந்துக் கேனைத் தூக்கிட்டோம். வெள்ளை ஈ தானா வெளிய வந்தா தோலு கிழிஞ்சாப்ல இருக்கும். வட்டமா ஓட்டை இருந்தா உள்ள இருந்து வந்தது என்கார்சியாங்கற குளவி, குஞ்சுக்குள்ள முட்டை வெச்சு அதையே தின்னு வளர்ற ஜாதி, கடுகுல பாதி கூடத் தேறாது. மூர்த்தி சிறிசு!

மருந்தடிச்சா மொதல்ல சாகறது இந்தக் குளவிதானுங்க. இந்த ஈக்கு மருந்தடிக்காதீங்கன்னு சொன்னது நானில்ல, காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலையம். அதே காசர்கோட்டுல முந்திரிக்கு ஹெலிகாப்டர்ல எண்டோசல்பான்ங்கற பூச்சிமருந்தை அடிச்சு, ஜனங்க படாத பாடு பட்டு, 2011-ல சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது இங்க யாருக்கும் மறந்திருக்காது.

வெளிச்சமும் பொறுமையும் பாக்கி இருக்குது, செக்ரட்டரி வாட்சைப் பாக்கறாரு. பிளாஷ் மேல வெள்ளைத்துணி கட்டுங்க, இல்லீனா வண்டு முதுகு வெளுத்துரும், அவ்வளவுதான். பொறுமையை எங்க வீட்டம்மாகிட்டக் கேளுங்க.

பின்னாடி மேஜையில லென்சும் ஒரு தென்னங்கீத்தும் வெச்சிருக்கேன், வட்ட ஓட்டையை எண்ணிப் பாருங்க. தலைவர் ஐயா மொதல்ல வரோணும், அவரு தோப்புக்கு வெள்ளிக்கிழமை மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்குதாம், கீத்து அங்க எடுத்ததுதான்.