இந்த மாளிகை முன்னாடி நீங்க சும்மா நடந்து போலாம், ஓனர் தடுக்க முடியாது! இங்கிலாந்து கிராமங்கள் வழியா 6 நாள் நடை

(ட்ரோன் ஷாட்: பச்சைப் புல்வெளி, தூரத்துல வெங்காயக் கோபுரம் வச்ச மாளிகை)

இந்த வீட்டை நல்லா பாருங்க மக்களே. தாமிரத்துல வெங்காய வடிவக் கோபுரம், மயில் தோகை மாதிரி விரிஞ்ச ஜன்னல். ஆக்ரா பக்கம்னுதானே தோணுது? இது இங்கிலாந்து. தனியார் சொத்து, வீட்டையும் தோட்டத்தையும் சுத்திப் பார்க்க டிக்கெட் எடுக்கணும். ஆனா வீட்டுக்கு முன்னாடி விரிஞ்சு கிடக்குற இந்தப் புல்வெளிக்குள்ள போற பாதையில நீங்களோ நானோ ஒரு பைசா குடுக்காம, யாரையும் கேக்காம, கேட்டைத் திறந்துட்டு நடந்து போலாம், போகாதேன்னு சொல்ல ஓனருக்கே உரிமை கிடையாது. எப்படின்னு சொல்றேன், கூடவே வாங்க.

(இசை, டைட்டில்)

வணக்கம். இன்னைக்கு நாம போற இடம் காட்ஸ்வோல்ட்ஸ், இங்கிலாந்துல குன்றும் கிராமமுமா இருக்கிற ஒரு பகுதி. லண்டன் பாடிங்டன்ல ரயில் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல மோர்டன்-இன்-மார்ஷ். அங்க இறங்கி நடக்க ஆரம்பிச்சு சிப்பிங் கேம்டன், பிராட்வே, வின்ச்கம், போர்ட்டன்-ஆன்-தி-வாட்டர், ஸ்டோ-ஆன்-தி-வோல்ட்னு ஊர் ஊரா ராத்தங்கி, ஆறாவது நாள் அதே ரயில்வே ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்துடலாம். மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். பெரிய பேக்கை நீங்க தூக்க வேணாம், காலையில விடுதியில வச்சுட்டுப் போனா அடுத்த ஊர் விடுதிக்கு வேன்ல கொண்டு போய்ச் சேர்க்க ஆள் இருக்காங்க. தண்ணி, மழைக்கோட்டு, சாண்ட்விச், மேப், அவ்வளவுதான் முதுகுல.

ஹிஸ்டரி சுருக்கமா. சுமார் 17 கோடி வருஷம் முன்னாடி இது ஆழமில்லாத, வெதுவெதுப்பான கடல். அதுல உருவான சுண்ணாம்புக்கல்தான் இங்க வீடு, சுவர், கூரை எல்லாமே. கிட்டப்போய்ப் பார்த்தா மீன் முட்டை மாதிரி பொடிப்பொடி உருண்டையா ஒட்டியிருக்கும், அதுல இருக்கிற இரும்பாலதான் அந்தத் தேன் கலர். பணம் எங்க இருந்து வந்துச்சுன்னா ஆட்டு ரோமம். சிப்பிங் கேம்டன் சர்ச்சுல 1401ல செத்துப்போன வில்லியம் கிரெவெல்ங்கிற வியாபாரியோட பித்தளைப் பட்டயம் இருக்கு, அதுல லத்தீன்ல அவரை "இங்கிலாந்து முழுமைக்கும் கம்பளி வணிகர்களின் மலர்"னு எழுதி வச்சிருக்காங்க.

ஆனா இதைக் கேளுங்க. அப்புறம் கம்பளி வியாபாரம் படுக்க ஆரம்பிச்சதும் பார்லிமெண்ட் என்ன பண்ணுச்சு தெரியுமா? செத்தவங்களை இங்கிலாந்து கம்பளித்துணியில சுத்தித்தான் புதைக்கணும்னு 1666ல சட்டம் போட்டுச்சு! கம்பளியிலதான் புதைச்சோம்னு சத்தியப் பத்திரம் குடுக்கணும், இல்லேன்னா 5 பவுண்ட் அபராதம். அந்தக் காலத்துல அது ரொம்பப் பெரிய காசு. இந்தச் சட்டத்தை 1814லதான் நீக்குனாங்க. இதை நெனச்சுக்கிட்டே அந்த ஊர்க் கல்லறைகளைத் தாண்டி நடந்தப்ப எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

சரி, இப்ப மெயின் மேட்டர்.

(க்ளோசப்: மரக்கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி)

இந்த மஞ்சள் அம்புக்குறிதான் இந்த வீடியோவோட ஹீரோ. மஞ்சள்னா நடக்குறவங்களுக்கான பொதுப்பாதை, நீலம்னா குதிரை, சைக்கிளும் போலாம். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைங்க சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கு. இதுல பெரும்பாலானது யாரோ ஒருத்தரோட பட்டா நிலத்துக்குள்ளதான் போகுது. மண்ணு அவரோடது, நடக்குற உரிமை ஊரோடது. அந்தக் காலத்துல சர்ச்சுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் ஜனங்க நடந்து நடந்து தேஞ்ச ஒத்தையடிப்பாதைங்க இது, "ஒருமுறை பொதுவழின்னா என்னைக்கும் பொதுவழி"ங்கிறதுதான் அவங்க சட்டத்துல அடிப்படை. நிலம் பத்து கை மாறினாலும் பாதை மாறாது. ஒரு இடத்துல 20 வருஷம் தடையில்லாம, ஒளிஞ்சு மறைஞ்சு இல்லாம, யார்கிட்டயும் அனுமதி கேக்காம ஜனங்க நடந்திருந்தா அதையும் பொதுப்பாதைன்னு கோர முடியும்.

விவசாயி உழ மாட்டாரான்னு கேப்பீங்க. உழுவார். ஆனா வயல் நடுவுல போற பாதையை உழுதா 14 நாளைக்குள்ள திரும்ப நடக்குற மாதிரி சரி பண்ணித் தரணும், பயிர் வளர்ந்து பாதையை மூடவும் விடக்கூடாது, குறைஞ்சது 1 மீட்டர் அகலம். அதனால கோதுமை வயல்ல தலைவாரி வகிடு எடுத்த மாதிரி நேரா ஒரு கோடு போகும் பாருங்க, ரெண்டு பக்கமும் இடுப்பு உசரப் பயிர், நடுவுல நீங்க. கதிர் கையில உரசிக்கிட்டே வரும். எனக்கு மொத்த ஆறு நாள்லயும் இதுதான் பெஸ்ட், பிராட்வே மலை மேல இருக்கிற அந்தக் கோட்டைக் கோபுரத்தை விட.

இந்தக் கேட்டையும் பாருங்க. முத்தக் கேட்டுன்னு பேரு. வளைஞ்ச வேலிக்குள்ள கதவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், ரெண்டு ஓரத்தையும் தொட்டுத் தொட்டு வரும், அதான் முத்தம். நீங்க உள்ள நுழைஞ்சு மூலையில ஒதுங்கி நின்னு கதவைத் தள்ளிட்டு அந்தப் பக்கம் போயிடலாம். ஆடு மாட்டால அந்த வளைவுல திரும்பி வெளிய வரவே முடியாது. பூட்டும் வேணாம் காவலும் வேணாம், மனுஷனுக்கு வழி, மாட்டுக்கு வேலி. என்ன மூளை பாருங்க!

இதெல்லாம் சும்மா கிடைக்கல. 1932 ஏப்ரல் 24, வடக்க கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மேட்டுநிலம், பணக்காரங்க பறவை சுடுறதுக்காக வேலி போட்டு வச்சிருந்தாங்க. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க நூத்துக்கணக்குல அத்துமீறி உள்ள நடந்தாங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. 1949ல வந்த சட்டம்தான் ஒவ்வொரு பொதுப்பாதையையும் அதிகாரபூர்வ மேப்ல ஏத்தச் சொல்லுச்சு. மேப்ல ஏறுன பாதையை யாரும் மறைக்க முடியாது. நடக்குறதுக்காக ஜெயிலுக்குப் போனவங்களை நெனச்சா மனசு கனக்குது. இங்கிலாந்துல இருக்கிற நம்ம ஆளுங்க, உங்க வீட்டுப் பக்கம் இந்த மஞ்சள் அம்பு எங்க இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க, நிறைய பேர் வருஷக்கணக்கா அதைத் தாண்டி கார்லயே போயிட்டிருப்பீங்க!

வின்ச்கம் ஊர்ல 2021 பிப்ரவரி 28 ராத்திரி ஒரு வீட்டு வாசல்ல விண்கல் விழுந்துச்சு, ஒரு துண்டு அந்த ஊர் மியூசியத்துலயே இருக்கு, பார்த்துட்டுப் போங்க.

போர்ட்டன்ல கூட்டம் ஜாஸ்தி, ஆனா ஒண்ணு மட்டும் விடாதீங்க. 1937ல திறந்த 'மாதிரி கிராமம்', அதாவது பொம்மை மாதிரி குட்டி ஊர், அந்த ஊரையே 9ல ஒரு பங்கு சைஸ்ல, அதே கல்லுலயே கட்டியிருக்காங்க. ஊர்ல மாதிரி கிராமம் இருக்குல்ல, அப்ப மாதிரி கிராமத்துக்குள்ளயும் ஒரு மாதிரி கிராமம் இருக்கணும்ல? இருக்கு! 81ல ஒரு பங்கு. அதுக்குள்ளயும் ஒண்ணு இருக்கு, குனிஞ்சு கண்ணைச் சுருக்கிப் பாருங்க.

(மறுபடி மாளிகை ஷாட்)

கடைசி நாள், ஸ்டோவுல இருந்து லாங்பரோ வழியா. இதுதான் முதல்ல காட்டின சீசின்கோட். 1805 வாக்குல, கிழக்கிந்திய கம்பெனியில சம்பாதிச்சுட்டு வந்த சார்லஸ் காக்கரெலுக்காக அவரோட அண்ணன் தம்பியில ஒருத்தரான சாமுவேல் கட்டிக் குடுத்தது. தோட்டத்து வேலைக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். இந்த மனுஷன் 1792ல நம்ம மதுரை, தஞ்சாவூர்னு சுத்திக் கோயில் கோயிலா வரைஞ்சவர். அதனாலதான் டிக்கெட் எடுத்து உள்ள போனா சூரியனுக்கு ஒரு சின்னக் கோயில், பாலத்து மேல நந்தி! நம்ம மண்ணுல சம்பாதிச்ச காசு, நம்ம நந்தி, இங்கிலாந்துப் புல்வெளி. எனக்கு ஆச்சரியமும் வலியும் ஒண்ணா வந்துச்சு.

வெளிய பூங்காவுல அதே மஞ்சள் அம்பு. செம்மறியாடு நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துட்டு மறுபடி மேய ஆரம்பிச்சிடும். போர்ட்டன்-ஆன்-தி-ஹில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினா மோர்டன் ஸ்டேஷன். மேப் வாங்குறவங்க ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல்45ன்னு கேளுங்க, பச்சையில குட்டிக் குட்டிக் கோடா விட்டு விட்டுப் போறதுதான் பொதுப்பாதை. மே மாசம் போங்க, சேறு கம்மி, எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்.