ஒரே நாளில் 30 லட்சம் டிவிடி

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

'ட்விலைட்' படத்தின் வெற்றியை நிலைநாட்டியது தியேட்டர் வசூலா, டிவிடி விற்பனையா என்பது இன்றைய கேள்வி. டிவிடி விற்பனையே என்று பேச வந்திருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் அவையில் இருக்கலாம், அவர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்று ஓயாமல் மழை பெய்யும் ஒரு சின்ன ஊர். அப்பாவோடு இருக்க அங்கே வந்து சேரும் பெல்லா, கூடப் படிக்கும் எட்வர்டைக் காதலிக்கிறாள். அவன் ரத்தக்காட்டேரி. அவள் ரத்தத்தின் வாசம் அவனை வாட்டுகிறது, ஆனாலும் அவளை விட்டு விலக முடியவில்லை. ஸ்டெஃபனி மேயரின் நாவல் 2005-இல் வந்தது. கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய படம் 2008 நவம்பர் 21 அன்று அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது.

எதிரணித் தலைவர் ஐயா எண்களை அழகாக அடுக்கினார். 3.7 கோடி டாலரில் எடுத்த படம். முதல் நாளில் 3.57 கோடி. முதல் மூன்று நாளில் 6.96 கோடி. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் மொத்தம் 19 கோடிக்கு மேல். ஒரு பெண் இயக்குநரின் படத்துக்கு அதுவரை கிடைக்காத தொடக்க வசூல். போட்ட பணம் அளவுக்கு முதல் நாளே வசூலாகிவிட்டது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். அவர் சொன்ன எண்களில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் ஐயா முதல் வாரத்திலிருந்து நேராக மொத்த வசூலுக்குத் தாவிவிட்டார். நடுவில் இரண்டாம் வாரம் என்று ஒன்று இருக்கிறது.

6.96 கோடி வசூலித்த படம் அடுத்த வார இறுதியில் சுமார் 2.6 கோடிக்கு இறங்கியது. அறுபது சதவீதத்துக்கு மேல் சரிவு. அதுவும் நன்றி நவிலல் நாள் விடுமுறை வாரத்தில்! அமெரிக்கர்கள் குடும்பம் குடும்பமாகப் படத்துக்குப் போகிற வாரம் அது. சரி, வசூல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை, படம் தொடர்ந்து ஓடியது. ஆனாலும் வெளியிலிருந்து அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? புத்தகம் படித்த பெண் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள், பார்த்தார்கள், ஆட்டம் முடிந்தது என்றுதான் நினைப்பார். முதல் வார இறுதியில் வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள், பாதிக்கு மேல் 25 வயதுக்கு உட்பட்டவர்கள். சூப்பர்ஹீரோ படத்துக்குப் பையன்கள் முதல் நாள் திரண்டால் அதைச் சந்தை என்று சொல்கிற அதே வாய், பெண் பிள்ளைகள் திரண்டால் கூச்சல் என்று சொல்கிறது. இது எனக்கு உண்மையாகவே உறுத்துகிறது.

இந்த அலட்சியம் படம் வந்த பிறகு தொடங்கியதும் இல்லை. நாவலின் உரிமையை முதலில் வைத்திருந்தது பாரமவுண்ட் என்ற பெரிய ஹாலிவுட் நிறுவனத்தின் கிளையான எம்டிவி ஃபிலிம்ஸ். அவர்கள் எழுதிய திரைக்கதை பெல்லாவை ஓட்டப்பந்தய வீராங்கனை ஆக்கியது, நாவலை விட்டு வெகுதூரம் போயிற்று. ஒரு பெண்ணின் மனசுக்குள் நடக்கிற காதல் மட்டும் ஒரு படத்தைத் தாங்காது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். சம்மிட் என்ற சிறிய நிறுவனம் அதை எடுத்து, மெலிசா ரோசன்பெர்க்கை எழுத வைத்து, நாவலுக்குப் பக்கத்தில் நின்றே படமாக்கியது.

இன்னொன்றையும் ஐயா விட்டுவிட்டார். இந்தப் படம் முதலில் டிசம்பர் 12 அன்று வருவதாக இருந்தது. நவம்பர் 21 வேறொரு பெரிய படத்துக்கு, ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது படத்துக்கு, ஒதுக்கியிருந்த நாள். அது 2009 ஜூலைக்குத் தள்ளிப்போனதும் காலியான இடத்தில் 'ட்விலைட்' வந்து உட்கார்ந்தது. ஹாரி பாட்டர் அதே நாளில் எதிரே நின்றிருந்தால் அந்த 6.96 கோடி என்ன ஆகியிருக்கும் என்று ஐயா யோசித்துப் பார்க்கட்டும். தொடக்க வசூலில் நாள் பார்த்த அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். 2009 மார்ச் 21, சனிக்கிழமை.

அமெரிக்காவில் புது டிவிடி என்றால் செவ்வாய்க்கிழமைதான் கடைக்கு வரும். அது அந்தத் தொழிலின் பழக்கம். சம்மிட் அந்தப் பழக்கத்தை உடைத்தது. வெள்ளி இரவு பன்னிரண்டு மணி தாண்டியதும் விற்பனை தொடங்கும் என்று அறிவித்தது. மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது. கடைகள் நள்ளிரவில் திறந்திருந்தன, வாசலில் விழா நடந்தது. பாருங்கள், படம் வந்து நாலு மாதம் ஆகிவிட்டது. கதை தெரியும், முடிவு தெரியும், யார் யாரைக் கடிக்கிறார்கள் என்பதும் தெரியும். திங்கட்கிழமை வகுப்பில் பேச்சுக்குப் பின்தங்கிவிடுவோம் என்ற பயமும் கிடையாது. அதற்குப் பிறகும் நள்ளிரவில் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் எதற்காக? அந்த ஒரு நாளில் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இந்த எண்ணின் பெருமை தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைக்க வேண்டும். அதே 2008-இல் வந்த பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' அமெரிக்கா, கனடாத் தியேட்டர்களில் 53 கோடி டாலர் வசூலித்தது. 'ட்விலைட்' வசூலித்ததோ 19 கோடி. தியேட்டர் கணக்கில் இரண்டும் ஒரே தட்டில் வராது. அந்த வௌவால் மனிதனின் டிவிடி டிசம்பரில் வந்தது. முதல் நாளில் எவ்வளவு விற்றது? அதுவும் ஏறக்குறைய 30 லட்சம்தான். அது வந்தது செவ்வாய்க்கிழமை, இது சனிக்கிழமை, ஆகவே இதற்குக் கொஞ்சம் சாதகம் என்று எதிரணி சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கிறிஸ்துமஸ் பரிசு வாங்கும் மாதம், இது ஒன்றுமில்லாத மார்ச். தியேட்டரில் மூன்றில் ஒரு பங்கு பார்த்த படம், கடையில் தோளோடு தோள் நிற்கிறது. தியேட்டரில் ஓடிய அளவுக்குத்தான் டிவிடி விற்கும், டிவிடி என்பது வசூலின் நிழல் என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் சொன்னாரே, ஒரே வெயிலில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள ஆளின் நிழல் முழு ஆளின் நிழலுக்குச் சமமாக விழுமா?

அந்த மார்ச் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதையும் அவை நினைவுகூர வேண்டும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வங்கி திவாலாகி விழுந்தது. அடுத்து வந்த குளிர்காலத்தில் அமெரிக்காவில் மாதாமாதம் லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். வீட்டில் டிவிடி வாங்குகிற பழக்கமே குறையத் தொடங்கிவிட்டது. மளிகைக் கடை வாசலில் ரெட்பாக்ஸ் என்ற டிவிடி வாடகைப் பெட்டி நின்றது, அன்றைக்கு ஒரு டாலர் போட்டால் ஒரு படத்தை ஒரு ராத்திரிக்கு எடுத்துப் போக முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் அப்போது டிவிடியைத் தபாலிலேயே அனுப்பியது. ஒரு டாலருக்குக் கிடைத்ததை ஒருத்தி பல மடங்கு விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டாள். சம்பாதிக்கிற வயதில்கூட இல்லாத பெண், சேர்த்து வைத்த காசில். இதைவிட நேர்மையான வாக்குச்சீட்டை எனக்குக் காட்டுங்கள்.

அப்படி வாங்கியதில் அவளுக்கு என்ன கிடைத்தது? இதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

உயிரியல் வகுப்பில் பெல்லா முதல்முறை எட்வர்டின் பக்கத்தில் போய் உட்காருகிற காட்சி. அவள் மின்விசிறியைத் தாண்டி நடக்கும்போது காற்று அவள் கூந்தலைத் தூக்குகிறது, அவள் வாசம் அவன் பக்கம் அடிக்கிறது, அவன் கையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் பாடம் செய்த ஒரு வெள்ளை ஆந்தை, சிறகு விரித்தபடி. கேமரா ஒரு கோணத்தில் வரும்போது அந்தச் சிறகுகள் அவன் தோளிலிருந்தே முளைத்த மாதிரி தெரியும். தியேட்டரில் அது கண் சிமிட்டுகிற நேரம். வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது, நிறுத்திப் பார்க்கலாம், தோழியைக் கூப்பிட்டுக் காட்டலாம். அப்புறம், பெல்லாவும் அவள் அப்பாவும் சாப்பிடப் போகிற உணவகத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவர்தான் நாவலாசிரியர் மேயர். முதல் தடவை பார்க்கிறவர்களில் எத்தனை பேர் அவரைக் கவனித்திருப்பார்கள்? நாலாவது தடவை பார்க்கிறவள் அவருக்காகவே காத்திருப்பாள். தியேட்டரில் இல்லாத, வெட்டிய காட்சிகள் டிவிடியில் இருந்தன. இயக்குநர் ஹார்ட்விக், பெல்லாவாக நடித்த கிறிஸ்டன் ஸ்டூவர்ட், எட்வர்டாக நடித்த ராபர்ட் பாட்டின்சன் மூவரும் படம் ஓட ஓடப் பேசிக்கொண்டே போகிற ஒலித்தடமும் இருந்தது. படத்தை அவர்களோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பழகிய வாசகிக்கு, படத்தையும் அதே மாதிரி படிக்கக் கொடுத்தது டிவிடி.

தேர் வரும்போது தெருவில் நிற்கிற கூட்டத்தில் பக்தரும் உண்டு, வேடிக்கை பார்க்க வந்தவரும் உண்டு. வீட்டு மாடத்தில் படம் வைத்து விளக்கேற்றுகிறவரைப் பற்றி அந்தச் சந்தேகமே வராது. முதல் வாரத் தியேட்டர் கூட்டத்தில் தோழிக்காக வந்தவள் இருந்தாள், மகளைக் கூட்டிவந்த அம்மா இருந்தார், என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்த பையனும் இருந்தான். எல்லார் டிக்கெட்டும் வசூலில் ஒரே மாதிரிதான் எழுதப்படும். நாலு மாதம் கழித்து அலமாரியில் வைக்க வாங்குகிறவளின் காசு அப்படிப்பட்டது இல்லை.

ஒரு வாரக் கிறுக்கு என்றால் அந்த விற்பனையும் சீக்கிரம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் புளூரே பதிப்பு முதலில் ஒருசில கடைகளில் மட்டும் வந்தது, மே 5 முதல் மற்ற இடங்களுக்கும் வந்தது. 2012 வாக்கில் அமெரிக்காவில் விற்றது 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். தொகையாகச் சொன்னால் சுமார் 20 கோடி டாலர். ஐயா சொன்ன தியேட்டர் மொத்தம் 19 கோடிச் சொச்சம். தியேட்டர் வசூலில் தியேட்டர்காரர் பங்கு உண்டு, டிவிடி விற்பனையில் கடைக்காரர் பங்கு உண்டு, இரண்டையும் மக்கள் கொடுத்த பணமாகவே எடுத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தாலும் டிவிடிதான் மேலே நிற்கிறது.

தியேட்டர் வசூலை மட்டும் பார்த்துப் பாடம் படித்தவர்களின் கதியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இளம் காதல், அமானுஷ்யம், நன்றாக விற்ற நாவல், இந்த மூன்றும் இருந்தால் போதும் என்று ஹாலிவுட் வரிசையாக இறங்கியது. 2013-இல் 'பியூட்டிஃபுல் கிரீச்சர்ஸ்' 6 கோடி டாலரில் எடுக்கப்பட்டது, உள்நாட்டில் 2 கோடிகூடத் தேறவில்லை. மேயரே எழுதிய இன்னொரு நாவலான 'தி ஹோஸ்ட்' அதே ஆண்டு படமாக வந்து உள்நாட்டில் 3 கோடியைத் தொடவில்லை. போஸ்டரை நகல் எடுத்தார்கள். ஒரு பெண் ஏன் அந்த டிவிடியை மறுபடியும் மறுபடியும் போடுகிறாள் என்று கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக எதிரணிக்கு ஒரு கேள்வி. அடுத்த பாகம் 'நியூ மூன்' 2009 நவம்பர் 20 அன்று வந்தது. முதல் மூன்று நாளில் 14.28 கோடி டாலர், முதல் படத்தின் இருமடங்குக்கும் மேல். அது தியேட்டர் வெற்றிதானே என்று எதிரணி இப்போதே தலையாட்டுகிறது. வெற்றிதான். ஆனால் முதல் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் அளவுக்குத்தானே கூட்டம் வந்திருக்க வேண்டும்? மிச்சப் பேர் எங்கிருந்து வந்தார்கள்? நடுவில் நாவல்கள் விற்றன, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அந்த எட்டு மாதமும் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தது எது? 'ட்விலைட்' வெளியான நள்ளிரவுக் காட்சிகளில் கிடைத்தது சுமார் 70 லட்சம் டாலர். 'நியூ மூன்' நள்ளிரவில் கிடைத்தது சுமார் 2.6 கோடி. இரண்டாம் வாரத்தில் முதல் படம் மூன்று நாள் முழுக்க ஓடி வசூலித்ததாக நான் தொடக்கத்தில் சொன்ன அதே தொகை, ஒரே ராத்திரியில். அந்த இரண்டு ராத்திரிகளுக்கும் நடுவில் டிவிடி இல்லாமல் இந்தக் கணக்கை விளக்க முடியுமா என்று அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.